பாட்டுக் கேட்க யாரிடம் அனுமதி?

“உங்களுக்கு மிகவும் பிடித்த கசற் எது?”

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். கசற் என்ற சொல்லைக் கேட்டே பல காலமாகிவிட்டதே என்ற சிரிப்பு அது. பிறகு முகம் கொஞ்சம் மாறும். “அதெல்லாம் அந்தக் காலம். இப்ப எனக்கென்ன பாட்டு?” என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

அந்த “எனக்கென்ன பாட்டு?” என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வடக்கு கிழக்கில் கணவனை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர் என்று 2010 ஆம் ஆண்டில் அரச தரப்பிலேயே கணக்குச் சொல்லப்பட்டது. பிள்ளையைத் தேடும் தாய்மாரும் சகோதரரைத் தேடும் பெண்களும் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். இவர்களுக்கு வீடு வேண்டும், காணி வேண்டும், தொழில் வேண்டும், நீதி வேண்டும் என்று பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் இவர்களில் பலர் தங்களுக்கு மிகவும் விருப்பமான ஒன்றை, யாரும் பறிக்காமலே, தாங்களாகவே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பாட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

ஒரு கசற் ஏன் மனதில் நிற்கிறது?

தனிப்பாட்டு வேறு, ஒரு முழுத் தொகுப்பு வேறு. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடப் பாட்டு ஒன்றுதான் அடங்கும். பிறகு நெடுநேர இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. 1963 ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் கசற்றை அறிமுகப்படுத்தியது. அறுபது நிமிடக் கசற்றில் பக்கத்துக்கு அரை மணித்தியாலம். அது கைப்பைக்குள் அடங்கியது. விலையும் பெரிதில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது றேடியோக் கசற் பெட்டியும் கூட வந்தது.

கசற்றில் பாட்டுகளின் ஒழுங்கு மாறாது. ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டின் முதல் சுரம் மனதுக்குள் தொடங்கிவிடும். ‘ஏ’ பக்கம் முடிவதற்குள் அரிசி உலை கொதிக்கும். ‘பி’ பக்கம் முடிவதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்பட்டிருப்பார்கள். இப்படித் தினமும் கேட்ட பாட்டு வீட்டின் நேரத்தோடு கலந்துவிடுகிறது. இருபது வருடத்துக்குப் பிறகு அந்தப் பாட்டைக் கேட்டால் நினைவுக்கு வருவது பாட்டுக்காரர் அல்ல. அந்த அடுக்களை, அந்தப் புகை, வெளியில் யாரோ சைக்கிள் மணி அடித்த சத்தம்.

மனிதரின் நினைவாற்றலை ஆராய்பவர்களும் இதை ஒட்டித்தான் சொல்கிறார்கள். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவையும் கேட்டவையும் மற்றைய காலத்து நினைவுகளைவிட ஆழமாகப் பதிகின்றன. எமது பெண்கள் பலருக்கு அந்த வயது முழுவதும் போர்க்காலம். ஆகவே அவர்களின் பிடித்த பாட்டும் போரும் ஒரே இடத்தில் பதிந்திருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். பாட்டை ஒதுக்கி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டைனமோவில் ஓடிய பாட்டு

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்கெரித்த காலம் அது. அந்தக் காலத்திலும் பாட்டு நிற்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோவை இயக்கினார்கள். சுற்றும் வேகம் குறைந்தால் பாட்டும் இழுபடும். பற்றரி இருந்தவர்கள் அதை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்தார்கள். கசற்றைப் பின்னோக்கிச் சுற்றுவதற்குப் பற்றரியைச் செலவழிக்காமல், பென்சிலை நடுத்துளையில் கொழுவிக் கையால் சுற்றினார்கள்.

செய்தி கேட்பதற்காகத்தான் சைக்கிளைச் சுற்றினோம் என்று ஆண்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் செய்தி முடிந்ததும் “இன்னும் ஒரு பாட்டுக்குச் சுத்து” என்று கேட்ட அக்காமாரும் அந்த வீடுகளில் இருந்தார்கள். உணவுக்கே வழியில்லாத வேளையிலும் கை வலிக்க வலிக்க ஒரு பாட்டை வாங்கிக் கேட்டோம் என்றால், அது ஆடம்பரமாக இருந்திருக்க முடியாது. அது தேவையாக இருந்தது.

காலைக் குரல்கள்

பெண்களிடம் பிடித்த இசைத் தொகுப்பைக் கேட்டால் பெரும்பாலும் முதலில் வருவது காலை வேளைப் பாட்டுகள்தான். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963 ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வந்தது. அவரோடு மகள் ராதாவின் குரலும் அதில் சேர்ந்து ஒலிக்கிறது. பொருள் தெரியாத வடமொழிப் பாட்டு அது. ஆனாலும் அந்தக் குரல் கேட்டால் விடிந்துவிட்டது என்று எமது காதுக்குத் தெரியும்.

அடுத்தது சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும் பாடிய கந்தர் சஷ்டி கவசம். தேவராய சுவாமிகள் பாடிய அந்தக் கவசத்தின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். தலையிலிருந்து பாதம் வரை உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி, அதை வேல் காக்கவேண்டும் என்று கேட்கிறது. செல் விழும் இரவில் பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்த ஒரு தாய்க்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எது? அவளும் அந்த நேரத்தில் பிள்ளையின் தலை, கை, கால் என்று தடவித் தடவித்தானே பார்த்தாள்! கசற்றைக் கேட்டுக் கேட்டே முழுவதும் மனப்பாடமானதால், கசற்றும் மின்சாரமும் இல்லாத இடத்தில் அது வாயில் வந்தது.

கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்துப் பாட்டுகளுக்கு இதே இடம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த நாட்டில் பணிசெய்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கம் இன்றும் எமது ஊர்களில் ஓதப்படுகிறது. மகனை இழந்த தாயின் துயரம் அதன் நடுவில் இருக்கிறது. கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தைச் சுற்றி வாழும் எத்தனையோ தாய்மாருக்கு அந்தத் துயரத்துக்கு விளக்கம் தேவையில்லை.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம் மக்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் போய்த் தங்கினார்கள். அவர்களுடைய வீடுகளில் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரல் ஒலித்தது. 2015 இல் அவர் காலமானபோது சைவ, கிறிஸ்தவ வீடுகளிலும் அவருடைய பாட்டுகளை நினைத்துப் பேசினார்கள். சமயம் வேறாக இருந்தாலும் கேட்கும் காரணம் ஒன்றுதான். அந்த நாளை எதிர்கொள்ள ஒரு துணை வேண்டும்.

சாமி படத்துக்கு முன்னால் போடும் பாட்டு என்பதால் இவற்றைக் கேட்க யாரும் தடை சொல்வதில்லை. கணவனை இழந்தவளும் கேட்கலாம். சிக்கல் வருவது மற்றப் பாட்டுகளில்தான்.

அந்தப் பாட்டை யார் தெரிவு செய்தார்?

பெண்களின் பிடித்த பாட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொரு விடயத்தையும் பார்க்க வேண்டும். வீட்டில் கசற் வாங்கியவர் யார்? பெரும்பாலும் அப்பா, அண்ணா, கணவர். றெக்கோடிங் பாரில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுத்துப் பதிவு செய்வித்து வந்ததும் அவர்கள்தான். றேடியோப் பெட்டி விறாந்தையில் இருந்தது. நாங்கள் அடுக்களையில் இருந்து கேட்டோம். அவர்களுக்குப் பிடித்ததே எங்களுக்கும் பிடித்ததாயிற்று.

விதிவிலக்கும் இருந்தது. எழுபதுகளில் வெளிவந்த கிருஷ்ண கானம் என்ற தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணதாசன் எழுதினார், எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்தார். சினிமாப் படம் எதற்கும் உரியதல்ல. ரி.எம். சௌந்தரராஜன், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் முதலியோர் பாடினார்கள். அதில் பாலசுப்பிரமணியம் பாடிய தாலாட்டுப் பாட்டைக் கசற் இல்லாமலே பாடிப் பிள்ளையைத் தூங்க வைத்த தாய்மார் எம்மிடையே ஏராளம். அது சைவ வீடு, வைணவ வீடு என்று பார்க்கவில்லை. அதைப் பெண்கள் தெரிவு செய்தார்கள். காரணம் தெளிவு: அது அவர்களுடைய வேலைக்கு உதவியது. 2020 செப்ரெம்பரில் அந்தப் பாடகர் மறைந்தபோது, தங்கள் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிய ஒருவர் போனதுபோல் அழுத அம்மாமாரும் உண்டு.

போருக்குப் பிறகு குடும்பத்தைத் தலைமை தாங்குபவள் பெண். அரிசி எங்கே வாங்குவது, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று எல்லாவற்றையும் இப்போது அவளே தீர்மானிக்கிறாள். ஆனால் வீட்டில் என்ன பாட்டு ஒலிக்கவேண்டும் என்பதை மட்டும் இன்னும் தீர்மானிக்கத் தயங்குகிறாள்.

எங்களுடைய சொந்தக் குரல்கள்

இலங்கை வானொலியை விட்டுவிட்டு எமது பாட்டு நினைவுகளைப் பேச முடியாது. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு அது. அதன் தமிழ் வர்த்தக சேவை தமிழ்நாட்டிலும் வீட்டுக்கு வீடு கேட்டது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறகு ‘நீங்கள் கேட்டவை’, ‘இசையும் கதையும்’, நித்திரைக்கு முன் ‘இரவின் மடியில்’ என்று அந்த நாளே நிகழ்ச்சிகளால் பிரிக்கப்பட்டிருந்தது. 2012 இல் காலமான ராஜேஸ்வரி சண்முகம் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் எமது பெண்களுக்கு ஒரு அக்காவின் குரல். பாட்டை மட்டுமல்ல, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களையும் சொல்லித் தந்தார்கள். பள்ளிக்கூடம் போகாத பெண்களும் பாட்டாசிரியர்களின் பெயரைத் தெரிந்து வைத்திருந்தது இப்படித்தான்.

அந்த வானொலியே உள்ளூர் மெல்லிசையையும் வளர்த்தது. எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் எமது கவிஞர்களின் வரிகளைப் பாடினார்கள். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பொப்பிசையைக் கொண்டுவந்தார்கள். மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. கொட்டாஞ்சேனைக் கல்யாண வீடுகளில் அதற்கு ஆடாதவர்கள் குறைவு. 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமானார். அந்தப் பாட்டுகளில் தத்துவம் இல்லை என்று சொல்வார்கள். மீன், மாமி, கள்ளு, கேலி என்று எமது ஊர்ப் பேச்சு இருந்தது. இந்தியப் படப் பாட்டில் எமது ஊர்ப் பேச்சைக் கேட்கமுடியாது. அதனால்தான் அவை பிடித்தன.

இந்தப் பாட்டுகளில் ஒன்றைக் கேட்டுச் சிரித்தால் என்ன? கணவனோடு கல்யாண வீட்டில் கேட்ட பாட்டை அவன் இல்லாத வீட்டில் கேட்பது அவனை மறப்பதாகுமா? நினைப்பதுதானே அது!

சத்தத்தைக் குறைத்து வைத்த வருடங்கள்

கொழும்பில் வாழ்ந்தவர்களுக்கு வேறொரு அனுபவம். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் வடக்கிலிருந்து வந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கினார்கள். விசாவுக்குக் காத்திருந்தார்கள், வைத்தியத்துக்கு வந்தார்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப வந்தார்கள். பொலிஸ் பதிவு வேண்டும். இரவில் கதவு தட்டப்படும். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். தமிழ்ப் பாட்டைச் சத்தமாகப் போட்டால் கவனம் எம்மீது திரும்பும் என்ற பயம். றேடியோவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கப் பழகினோம்.

2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பொதி கட்ட அரை மணித்தியாலம் கிடைத்தவர்கள் அடையாள அட்டையையும் உடுப்பையும் மருந்தையும் எடுப்பார்கள். பாட்டுக் கசற்றை எடுக்கமாட்டார்கள். ஒவ்வோர் இடப்பெயர்விலும் எங்கள் வீடுகளில் விட்டு வந்த பொருட்களில் அது ஒன்று. அந்த இழப்புக்கு யாரும் நட்டஈடு கேட்டதில்லை.

பயம் தணிந்து பல வருடங்கள் போனபிறகும் சத்தத்தைக் குறைத்து வைக்கும் பழக்கம் எமது கையில் தங்கிவிட்டது.

சுண்ணப் பாட்டு சொல்லும் பாடம்

எமது சைவ வீடுகளில் மரணச் சடங்கின்போது சுண்ணம் இடித்து, மாணிக்கவாசகரின் திருவாசகத்திலுள்ள திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவது வழக்கம். அந்தப் பதிகத்தில் இருபது பாட்டுகள். அவை உண்மையில் துயரப் பாட்டுகள் அல்ல. இறைவன் நீராடுவதற்காக வாசனைப் பொடி இடிக்கும் பெண்கள், தோழியரை அழைத்து மகிழ்ந்து பாடுவதாக அமைந்தவை. மகிழ்ச்சியான வேலைப் பாட்டை எங்கள் முன்னோர் மரண வீட்டில் வைத்தார்கள். துயரத்துக்குள் பாட்டு வரக்கூடாது என்று எங்கள் மரபு சொல்லவில்லை. துயரத்தின் நடுவிலேயே பாட்டை வைத்திருக்கிறது.

அந்தத் திருவாசகத்தின் சில பாட்டுகளை இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு சேர்ந்து இசைத் தொகுப்பாக்கி 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்த முயற்சிக்குப் பின்னால் நின்றவர் கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பர் அடிகளார். முன்பு மணிலாவில் வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியில் இருந்தவர் என்பதால் வன்னியில் சிற்றலை கேட்டவர்களுக்கு அவரைத் தெரியும். சைவத் திருமுறை, கத்தோலிக்கக் குரு, ஹங்கேரி நாட்டு வாத்தியக்காரர்கள். செத்த வீட்டில் மட்டும் திருவாசகத்தைக் கேட்டுப் பயந்திருந்த இளம்பெண்கள் பலர், அந்த இறுவட்டில்தான் அதை அழகான பாட்டாக முதல் தடவை கேட்டார்கள். பழைய முறைக்காரருக்குப் பிடிக்காமலும் போயிருக்கலாம். ஆனால் மரணத்தோடு ஒட்டியிருந்த ஒரு பாட்டை மீண்டும் உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுக்க முடியும் என்று அது காட்டியது.

றேடியோவைத் திரும்பப் போடும் நாள் எது?

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் மரணம் நடந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை றேடியோ போடமாட்டோம். அயல் வீட்டுக்காரரும் சத்தத்தைக் குறைப்பார்கள். அது நல்ல பழக்கம். துயரத்துக்கு இடம் கொடுக்கும் பழக்கம். அதே நேரம் அந்தப் பழக்கத்துக்கு ஒரு முடிவும் உண்டு. அந்தியேட்டி முடிந்ததும் வீடு கழுவப்படும். மெல்ல மெல்ல றேடியோவும் ஒலிக்கத் தொடங்கும்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டுக்கு இந்த ஒழுங்கு இல்லை. உடல் இல்லை, எட்டு இல்லை, அந்தியேட்டி இல்லை. ஆகவே றேடியோவைத் திரும்பப் போடலாம் என்று சொல்லும் நாளும் இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தாய்மார் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிள்ளை வரும்வரை சிரிக்கமாட்டேன், பாட்டுக் கேட்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டவர்கள் போல வாழும் தாய்மாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். கேட்டால், கேட்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம் என்று எண்ணுகிறார்கள்.

இப்படி ஒரு நிலையைத் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டுப் பெண்களும் அறிவார்கள். 1973 இல் அங்கே இராணுவ ஆட்சி வந்தது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். அந்த நாட்டின் குவேக்கா என்ற நடனம் ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி ஜோடியாக ஆடுவது. 1978 மார்ச் 8 ஆம் திகதி, பெண்கள் தினத்தன்று, காணாமல் போனவர்களின் குடும்பப் பெண்கள் சந்தியாகோ நகர மேடையில் அந்த நடனத்தைத் தனியாக ஆடினார்கள். நெஞ்சில் காணாமல் போனவரின் படம் குத்தியிருந்தது. எதிரில் ஆடவேண்டிய ஆள் இல்லை. அந்த வெற்றிடத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

அவர்கள் பாட்டை விடவில்லை, பாட்டையே சாட்சியாக்கினார்கள். ஆங்கிலப் பாடகர் ஸ்டிங் 1987 இல் வெளியிட்ட ‘நத்திங் லைக் த சன்’ என்ற தொகுப்பில் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு பாட்டு வைத்தார். உலகம் முழுவதும் அது கேட்டது. இராணுவ ஆட்சி முடிந்தபின், 1990 ஒக்ரோபரில், சந்தியாகோ தேசிய விளையாட்டரங்கில் அந்தப் பெண்களை மேடையில் வைத்துக்கொண்டே அதைப் பாடினார். 1973 இல் கைதிகளை அடைத்து வைத்திருந்த அதே விளையாட்டரங்கு அது.

ருவாண்டாவில் 1994 இல் நடந்த இனப்படுகொலைக்குப் பிறகு, 2004 இல் ஒடில் கட்டேசே என்ற நாடக எழுத்தாளர் பெண்களைச் சேர்த்து ஒரு பறைக்குழு தொடங்கினார். அங்கே பறையடிப்பது ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. கொல்லப்பட்டவரின் மனைவியும், கொன்றதற்காகச் சிறையில் இருந்தவரின் மனைவியும் ஒரே வரிசையில் நின்று அடித்தார்கள். நடந்ததை அது அழிக்கவில்லை. ஆனால் பல வருடங்களுக்குப் பிறகு தாங்கள் சிரித்ததாக அவர்கள் உணர்ந்தார்கள்.

நாங்களும் மேடையேற வேண்டும் என்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. பாட்டும் துயரமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

மெதுவாகத் தொடங்குங்கள்

எல்லாப் பாட்டும் எல்லோருக்கும் மருந்தல்ல. ஊரில் ஒலிபெருக்கியில் கேட்ட போர்க்காலப் பாட்டு ஒருத்திக்குப் பெருமையாக இருக்கும். இன்னொருத்திக்கு அது பிள்ளையைக் கொண்டுபோன நாளின் சத்தம். ஒரே அறையில் இருவரும் இருக்கலாம். ஆகவே பொது இடத்தில் பாட்டுப் போடும்போது கேட்டுப் போடுவது நல்லது.

நெடுங்காலம் கேட்காமல் இருந்தவர்கள் மிக நெருக்கமான பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் சின்ன வயதில், போருக்கு முன் கேட்டதைத் தெரிவு செய்யுங்கள். பகல் வேளையில், ஏதாவது கைவேலை செய்துகொண்டு கேளுங்கள். இரவில் தனியாக வேண்டாம். கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. அழுகை வந்தால் அழுங்கள். சிறிது நேரத்தில் மனம் இலேசானால் அந்தப் பாட்டு உங்களுக்கு உதவுகிறது. மாறாக நெஞ்சு படபடத்து, நித்திரை கெட்டு, அது நாட்கணக்கில் தொடர்ந்தால் நிறுத்திவிடுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் அல்லது உங்கள் பகுதி உளவளத்துணையாளரிடம் பேசுங்கள். அது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல.

செலவும் அதிகமில்லை. கைத்தொலைபேசிக் கடைகளில் மெமரி சிப்பில் பழைய பாட்டுகளை ஏற்றித் தருவார்கள். சாதாரண பட்டன் போனில் உள்ள எப்.எம். வானொலிக்கு டேட்டா தேவையில்லை.

அலுமாரிக்குள் இருக்கும் குரல்

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய கசற் இருந்தால் எறிய வேண்டாம். வெளிநாட்டுக்குப் போன அண்ணாவும் கணவரும் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிவு செய்து அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பாட்டுக் கசற்றின் கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் பிள்ளையின் மழலையைப் பதிந்தவர்களும் உண்டு. இன்று இல்லாத ஒருவரின் குரல் அதில் இருக்கலாம்.

கசற்றின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு பதிவு ஏறாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தால் உடனே ஓடவிட வேண்டாம், அறுந்துவிடும். தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவாக்குங்கள். வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். ஓடும் நிலையில் இருந்தால் ஒரு தடவை ஓடவிட்டு, பக்கத்தில் கைத்தொலைபேசியை வைத்துப் பதிந்துகொள்ளுங்கள். ஒலி சுமாராக இருந்தாலும் குரல் தப்பிவிடும். 2005 இல் தொடங்கிய நூலக நிறுவனம் எமது நூல்களையும் பத்திரிகைகளையும் ஒலிப்பதிவுகளையும் மின்வடிவில் பாதுகாத்து வருகிறது. பொதுவுக்குப் பயன்படும் பழைய பதிவுகள் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அம்மா, அம்மம்மா இருக்கிறார்களா? அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டு, அருவி வெட்டுப் பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் போனில் பதிந்து வையுங்கள். எந்த இசைத்தட்டிலும் வராத பாட்டுகள் அவை. அவர்கள் போனால் கூடவே போய்விடும்.

பதியும்போது பிடித்த கசற் எது என்றும் கேளுங்கள். “எனக்கென்ன பாட்டு?” என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாதீர்கள், இரண்டாம் தரமும் கேளுங்கள்.